ஒலி ஒன்று, பொருள் வேறு

நுழையும்முன்

சொல்லைப் பிழையின்றி எழுதுவது திறன். அச்சொல் எதனை, யாரைக் குறிக்கிறது எனத் தெளிவது அறிவு. ஆங்கிலச் சொல்லிணைகளில் தொடங்கிக் கல்வராயன் மலைமக்களின் பெயர்வரை நீளும் சொல்மயக்கத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குறிப்பேட்டுச் சொற்கள்

நூல்களோடு நெருங்கிப் பழகுவோர் தமக்கெனக் குறிப்பேடு ஒன்று வைத்திருப்பதுண்டு. படிக்கும்போது இடறிய சொற்களை எழுதி, அவற்றின் பொருளையும் அருகே குறித்துவைப்பர். ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவரின் குறிப்பேட்டில் முதலில் இடம்பெறத்தக்கது 'ஸ்டேஷனரி' என்னும் சொல். ஆங்கிலத்தில் இவ்வொலியுடைய சொற்கள் இரண்டு. இறுதிப்பகுதியில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து வரின் அசையாது நிற்பது என்றும், 'ஈ' என்னும் எழுத்து வரின் எழுதுபொருள் என்றும் பொருள்படும்.

இரண்டுக்கும் இலத்தீன் வேர் ஒன்றே. இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் ஊர் ஊராக அலைந்து பொருள் விற்றனர். பல்கலைக்கழகங்களை அடுத்து, ஓரிடத்தில் நிலையாகக் கடைவைத்து நூல் விற்றவரோ 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அவர் விற்ற பொருள்கள் பின்னர் 'ஸ்டேஷனரி' ஆயின. நூல்வணிகரின் பெயரில் உள்ள 'ஈ' எழுத்தே எழுதுபொருளின் பெயரிலும் தொடர்கிறது என அறிந்தவர் மீண்டும் தடுமாறார்.

செவியில் பிறக்கும் மயக்கம்

சில மயக்கங்கள் தாய்மொழிப் பழக்கத்தால் தோன்றுகின்றன. அறிவுரை என்னும் பெயர்ச்சொல்லும், அறிவுரை கூறு என்னும் வினைச்சொல்லும் தமிழ் எழுத்தில் 'அட்வைஸ்' என்றே அமையும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் காற்றொலியாக முடியும். வினைச்சொல் வண்டின் முரல்வுபோல் அதிர்ந்து முடியும். அவ்வதிர்வொலிக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' ஆகியவற்றின் வேறுபாடும் இத்தகையதே. தமிழ் பயிலும் ஆங்கிலேயர் 'மலை', 'மழை' என்பவற்றில் இடறுவதும் இதனால்தான். ழகரத்துக்கெனத் தனியெழுத்து அவர்தம் மொழியில் இல்லை. ஒவ்வொரு மொழியும் தன் மக்களின் செவியைத் தனக்கேற்பப் பழக்கிவிடுகிறது.

பெயரில் ஒரு மயக்கம்

எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே அமைந்து, பொருள் மட்டும் வேறுபடும் சொற்கள் இன்னும் மிகுதியான கவனம் வேண்டுவன. அதற்குச் சான்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ளது. குறிச்சி என்பது குறிஞ்சிநிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். அப்பெயர் தாங்கிய ஊருக்கு மேற்கே உயர்ந்துநிற்கும் கல்வராயன் மலையில் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலையில் வாழ்வோர், மலையை ஆள்வோர் என இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இவர்களின் தாய்மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களது வாய்மொழி மரபு. கேரளத்தில் மலையாளம் பேசுவோரும் மலையாளி என்றே அழைக்கப்படுகின்றனர். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இவ்விரு பெயர்களுக்கும் வேறுபாடு தோன்றாது.

இங்குச் சொல்லோடு வாழ்வும் பிணைந்துள்ளது. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் 'மலையாளி' என்னும் பெயரை அடுத்து தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 1993வரை தென்னார்க்காட்டிலும், பின்னர் 2019வரை விழுப்புரத்திலும் அடங்கியிருந்தது. ஆதலின் கல்வராயன் மலைமக்கள் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ, அம்மாவட்டம் அவ்வரிசையில் குறிக்கப்படாமையால், தம்மையும் சேர்க்குமாறு நெடுங்காலமாகக் கோரிவந்துள்ளனர். ஒரு சொல்லின் பொருளெல்லை ஒரு மாணவரின் கல்வி உரிமைக்கும் எல்லையாகிவிடுகிறது.

தேர்வில் 'ஸ்டேஷனரி'யைப் பிழையாக எழுதினால் ஒரு மதிப்பெண் குறையும். மக்களின் பெயரைப் பிழையாகப் புரிந்துகொண்டால் அவர்தம் மொழியும் வரலாறும் மறைந்துபோகும். ஆதலின் குறிப்பேட்டில் சொல்லை எழுதும்போது, அதனை வழங்கும் மக்களையும் அவர்கள் வாழும் மண்ணையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும்.