கால்களைக் கேட்டு வருகிறவர்கள்

1964 மே மாதம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிலடெல்பியா என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே அந்த ஊருக்கருகில் சிவில் உரிமைப் பணியாளர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். அப்படி இனத்தால் பிளவுபட்டுக் கிடந்த ஊர், பதினேழு வருடங்களுக்குப் பிறகு கறுப்பர் வெள்ளையர் என்றில்லாமல் ஒரே மைதானத்தில் கூடி அந்தப் பையனின் ஓட்டத்தைப் பார்த்தது. அவர் பெயர் மார்கஸ் டுப்ரீ.

அமெரிக்கர்கள் ஃபுட்போல் என்று சொல்வது நமது உதைபந்தாட்டம் அல்ல. அது றக்பிக்கு நெருங்கிய சொந்தம். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுகிறவரை ‘ரன்னிங் பேக்’ என்பார்கள். டுப்ரீ பாடசாலைக் காலத்தில் 87 டச்டவுன்கள் எடுத்தார். ஹேர்ஷல் வோக்கரின் 86ஐ ஒன்றால் முந்திய சாதனை அது.

அதன் பிறகு அந்தச் சிற்றூருக்குப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் படையெடுத்தார்கள். எழுத்தாளர் வில்லி மொரிஸ் இதைப் பற்றி 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். பெண்ணை மணக்கக் கேட்டு வருவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லையே தலைப்பில் வைத்தார். நம் ஊரில் என்றால் ‘மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள்’ என்போம். 1982 பெப்ரவரியில் டுப்ரீ ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டார்.

1983 ஜனவரி முதலாம் திகதி ஃபியஸ்டா போல் போட்டியில் 239 யார் ஓடினார். அதே வருடம் ஒக்டோபரில், பயிற்றுவிப்பாளருடன் மனக்கசப்போடு அணியை விட்டு வெளியேறினார். 1984இல் தொழில்முறை அணியொன்றில் சேர்ந்தார். 1985இல் முழங்கால் போனது. அப்போது அவருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. 1990இல் விடாமுயற்சியோடு திரும்பி வந்தார். இரண்டு பருவங்கள் ஆடினார். அவ்வளவுதான்.

கேட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய கால்களைக் கேட்டுத்தான் வந்தார்கள். அந்தக் கால்களுக்கு ஏதும் நடந்தால் பையனுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். பெற்றோர், ஆசிரியர்கள், ஊர்.

நல்ல தெரிவாளர்கள் இன்று இரண்டு நிமிடக் காணொளியோடு நிறுத்துவதில்லை. முழுப் போட்டியையும் கேட்கிறார்கள். இடைவெளி திறக்கும்வரை பையன் பொறுமையாக இருக்கிறானா, பந்து தன்னிடம் இல்லாதபோதும் கூட்டாளிக்காக எதிராளியை மறிக்கிறானா, தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கிறார்கள். பிறகு பாடசாலைக்கு வருகிறார்கள். ஏனென்றால் அங்கு முதற்பிரிவுக் கல்லூரிகளில் முதல் வருடமே விளையாட வேண்டுமென்றால் 16 அடிப்படைப் பாட அலகுகளை முடித்திருக்க வேண்டும். அவற்றில் சராசரிப் புள்ளி 4க்கு 2.3ஆவது இருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் கடைசியில் ஆசிரியரின் புள்ளிப் பதிவேட்டைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போக முடியும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மாகாண மட்டப் போட்டிகள் முடிந்ததும் எங்கள் தரம் ஒன்பது மாணவன் ஒருவனை நகரத்துப் பாடசாலை ஒன்று கேட்டது. விடுதி இலவசம், சப்பாத்து இலவசம். அவனுடைய வாப்பா ஆசிரியர் அறைக்கு வந்து, “சேர், பொடியன அனுப்புறதா, வேணாமா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

நாங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பயிற்சியால் தவறும் பாடங்களை யார், எந்த நேரத்தில் படிப்பிப்பார்? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? ஓட முடியாமல் போனாலும் விடுதியில் இடம் இருக்குமா? இதற்கு முன் நீங்கள் இப்படி எடுத்த பிள்ளைகள் சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு எடுத்தார்கள்?

முதல் மூன்றுக்கும் உடனே பதில் வந்தது. நாலாவதுக்கு, “பார்த்துச் சொல்றோம்” என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

பிள்ளையின் அதிர்ஷ்டத்தை நாங்கள் தடுக்கிறோம் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அந்த வாப்பா கூலி வேலை செய்கிறவர். விடுதி இலவசம் என்பது அந்த வீட்டில் சின்ன விசயம் இல்லை. எங்களிடம் நல்ல மைதானமும் இல்லை, முழுநேரப் பயிற்றுவிப்பாளரும் இல்லை. அதனால்தான் போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பதில் கிடைத்தால், அது நல்ல பதிலாக இருந்தால், நாங்களே பயணப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றி விடுவோம்.

ஆனால் பிள்ளை ஓர் அமானிதம். அவனுடைய வேகமும் அமானிதம்தான். அமானிதத்தை இன்னொரு கைக்குக் கொடுக்கும்போது, அந்தக் கை எப்படிப்பட்டது என்று கேட்பது தடுப்பதாகாது.

ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்காக நகரத்துப் பாடசாலைகளுக்குப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். சிலர் நன்றாக வந்தீர்கள். சிலர் காயத்தோடு, பாதிப் படிப்போடு திரும்பினீர்கள். இரண்டு சாராரும் ஒரு நாள் பாடசாலைக்கு வாருங்கள். அந்தப் பையனோடும் அவனுடைய வாப்பா, உம்மாவோடும் கொஞ்ச நேரம் இருந்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நாலாவது கேள்விக்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.