வீட்டுக்குள் எந்தச் செடி?



செங்கத்துக் கோடையில் வீட்டுக்குள் சிறிது பசுமை இருக்கட்டும் என்று சென்ற ஆண்டு சில தொட்டிகள் வாங்கினோம். அவற்றுள் ஒன்று டிஃபன்பேக்கியா. வெண்புள்ளிகள் தெளித்த அகன்ற இலை, பார்க்க அழகு. மாலையில் எங்களிடம் ஓதவரும் சிறுமி ஒருத்தி அதன் இலையைக் கடித்துவிட்டாள். நாக்கு வீங்கிப் பேச்சே எழவில்லை. வாயைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரவுக்குள் தணிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இலையிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் என்னும் ஊசிப் படிகங்களே காரணமாம். சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதும் அதனாலேயே. வாங்கும்போது அழகைப் பார்த்தோமேயன்றி, வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதை எண்ணவில்லை.

அத்தொட்டியை அன்றே அகற்றினோம். மணிபிளாண்டிலும் அப்படிகங்கள் உண்டு. குறைந்த ஒளியே அதற்குப் போதுமாதலால், எவர் கையும் எட்டாத அலமாரி உச்சிக்கு ஏற்றினோம். இருண்ட நடைக்கு ஸ்நேக் பிளாண்ட். தமிழகத்து வறண்ட நிலங்களில் தானே வளரும் மருளின் இனம் அது. அதற்குத் தினமும் நீரூற்றி முதல் செடியை அழுகவிட்டவர்கள் நாங்கள். உளூவிலும் நீரை வீணாக்காதீர் என்று பாடம் நடத்துபவர்களும் நாங்களே! இப்போது மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, முற்றும் காய்ந்தபின்னரே ஊற்றுகிறோம்.

பிள்ளைகள் அமரும் சன்னலோரத்தில் நஞ்சில்லாத ஸ்பைடர் பிளாண்ட் இருக்கிறது. அச்சிறுமி இன்றும் சற்றுத் தள்ளியே அமர்கிறாள். "இது கடிக்குமா, ஹஜ்ரத்?" என்று நேற்றுக் கேட்டாள்.