சென்னைக் கால்களுக்குக் கோத்தகிரி ரோடு

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றம் என்றால் திரு.வி.க. பாலம், தி.நகர் உஸ்மான் சாலை மேம்பாலம், அவ்வளவுதான். மெனக்கெட்டுப் போனால் பரங்கிமலை. அதுவே சுமார் 300 அடி. விடிவதற்கு முன் திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய், டிபன் நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்கள் நூறு கிலோமீட்டரை அனாயாசமாக ஓட்டுகிறார்கள். அந்தத் தெம்பில்தான் ஊட்டி ஆசை வரும். வரட்டும். ஊட்டிக்குப் போகும் வழியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். பதினாறு பரங்கிமலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறுகிற கணக்கு.

இதற்காகக் கால்களைப் பழக்குவதற்கு முன்னால் வண்டியின் பின்சக்கரத்தைப் பாருங்கள். ஈசிஆர் ஓட்டத்துக்கு வாங்கிய வண்டிகளில் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 25 அல்லது 28 பல்தான் இருக்கும். முன்னால் 34, பின்னால் 25 என்று வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வண்டி மணிக்கு 12 கிலோமீட்டர் போகும். ஏற்றத்தில் அந்த வேகம் நம்மில் பலருக்குத் தாங்காது. மிதி தளரும், பிறகு முழங்கால் பேச ஆரம்பிக்கும். பின்னால் 34 பல் போட்டால் அதே மிதிக்கு மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் போதும். பக்கத்தில் வருகிறவரிடம் பேசிக்கொண்டே ஏறலாம். சில வண்டிகளில் சங்கிலியையும் கியர் மாற்றியையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். கிளம்புவதற்கு முந்தின நாள் மெக்கானிக்கிடம் போய் நிற்காதீர்கள்.

இரவு ஒன்பது மணிவாக்கில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் பதிந்து பிரேக் வேனில் ஏற்றலாம். பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றியைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்தோடு கட்டிவிடுவது நல்லது. அது லேசாக வளைந்தாலும் மலையில் கியர் விழாது. காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையம். அங்கேயே மலை ரயில் காத்திருக்கும். ஏழு மணிக்கு மேல் புறப்பட்டு 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர அதற்கு மதியம் ஆகிவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த எஞ்சினே ஏறுகிறது.

பவானியைத் தாண்டியதும் ரோடு பிரியும். குன்னூர் வழிதான் பெயர் பெற்றது, 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. ஆனால் பஸ்ஸும் லாரியும் டூரிஸ்ட் வேனும் முழுக்க அதில்தான். சைக்கிளுக்குக் கோத்தகிரி வழியே உத்தமம். ஏப்ரல், மே சீசனில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்புவது அப்போது வழக்கம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும். 2009 நவம்பரில் அங்கே மண்சரிந்து பலர் இறந்தார்கள். ஆக, ஜனவரியிலிருந்து மார்ச் வரை.

அடிவாரத்தில் பாக்குத் தோப்பு, புழுக்கம். முதல் பத்து கிலோமீட்டரில்தான் சென்னைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். சரிவு மிதமாக இருப்பதால் ஈசிஆர் புத்தி தலைதூக்கி, முன்னால் போகிறவரைத் துரத்தச் சொல்லும். துரத்தினால் குஞ்சப்பனையில் பாட்டில் காலி. அந்தப் பகுதி யானை நடமாட்டம் உள்ளது, பலாப்பழ காலத்தில் ரோட்டோரத்துக்கே வரும். இருட்டில் ஏறத் தொடங்கக் கூடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை இருப்பதால் கடைக்குக் கடை வாங்கிக் குடிக்கும் பழக்கமும் செல்லாது. இரண்டு பெரிய பாட்டில்களோடு போய், டீக்கடையில் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

அரவேனு வந்தால் தேயிலை, குளிர்ந்த காற்று, நனைந்த பனியன் முதுகில் ஒட்டும். இந்த இடத்துக்காகத்தான் காற்றுத் தடுக்கும் சட்டையைச் சுருட்டி எடுத்துவரச் சொல்வது. கோத்தகிரி பஜாரில் டீயும் வர்க்கியும். உடம்பு ஆயிரம் கலோரிக்கு மேல் செலவழித்திருக்கும், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துக் கன்னேரிமுக்கில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா நினைவகமாக இருக்கிறது. 1819இல் அவர் மலைக்கு வந்தபோது முதலில் தங்கியது இந்தப் பக்கம்தான், ஊட்டி அப்புறம். அடிவாரத்துச் சிறுமுகையிலிருந்து முதல் பாதையும் இங்கேதான் வந்தது.

கோத்தகிரியில் முடித்துக்கொண்டாலும் அவமானமில்லை. ஊட்டிக்கு இன்னும் 30 கிலோமீட்டர். கட்டபெட்டில் குன்னூர் ரோடு பிரிந்துபோகும். அதன்பின் தொட்டபெட்டா சந்திப்பு வரை மறுபடி ஏற்றம், காற்றும் மெலிந்திருக்கும். 2,637 மீட்டர் சிகரத்துக்கு அங்கிருந்து தனி ரோடு. ஆசைப்பட்டு அதிலும் ஏறுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வீம்பாகவே படுகிறது. நேரே ஊட்டி சேரிங்கிராஸுக்கு இறங்கிவிடலாம்.

இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். எதிரே ஏறி வருகிற பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவை, வழி அதற்குத்தான். துணைக்குக் கார் வந்தால் அதற்கு இ-பாஸ் எடுங்கள், 2024 மே முதல் அது கட்டாயம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் யோசனை வேண்டாம். 36 கொண்டை ஊசிகள் கொண்ட அந்தச் சரிவில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. அடுத்த வருஷம் மசினகுடியிலிருந்து ஏறிப் பாருங்கள். அந்த ஏற்றத்துக்குப் பின்சக்கரத்தில் 34 பல் போதுமா என்பதே சந்தேகம்.