குள்ளர்களுக்கு 4-ஆம் படிக்கு மேல் அனுமதி இல்லை

செல்போன் விளையாட்டைப் பற்றி இங்கே எழுத வேண்டிவரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. பஞ்சமி நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு, விடுதிச் சோறு என்று எழுதவே நேரம் போதவில்லை. ஆனால் பென்னாகரத்தில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பையை இறக்கி வைத்ததும் பேசுவது அதைத்தான். ‘க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ்’ விளையாட்டில் காப்ளின் என்று பச்சை நிறக் குட்டையன் ஒருவன் உண்டு. அடுத்தவன் கோட்டைக்குள் இறக்கிவிட்டால் தங்கம் இருக்கும் இடம் பார்த்துத்தான் ஓடுவான். ஏன் அப்படி என்று கேட்டோம். எட்டாவது படிக்கும் பையன் சொன்னான்: “அது திருடற சாதிண்ணா. அதுக்கு அதான் வேலை.”

மாயாஜாலக் கதைகளில் ‘ரேஸ்’ என்று வருவதைப் படித்தவர்கள் இனம் என்று மொழிபெயர்ப்பார்கள். அந்தப் பையன் சாதி என்றான். அவன் மொழிபெயர்ப்புதான் சரி என்பது எங்கள் கருத்து.

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாய் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-இல் அமெரிக்காவில் வந்தது. செல்போனும் திரையும் கிடையாது. தாள், பென்சில், பகடைதான். ஆட வருபவர் மனிதனாகலாம், நெட்டையான எல்ஃப் ஆகலாம், சுரங்கம் தோண்டும் குள்ளனாகலாம், ஹாபிட் ஆகலாம். ஹாபிட் டோல்கீன் 1937-இல் எழுதிய நாவலில் வருகிற சிறுமனிதன். உரிமைக்காரர்கள் ஆட்சேபித்த பிறகு அந்தப் பெயரை ‘ஹாஃப்லிங்’ என்று மாற்றினார்கள். அரை ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் மாறியது. 1974-இன் விதிப்படி அவன் சண்டைக்காரனாக மட்டுமே இருக்கலாம், அதிலும் 4-ஆம் படிக்கு மேல் ஏற முடியாது. எத்தனை பூதத்தை வெட்டினாலும் சரி.

1981-இல் வந்த பதிப்பு இன்னும் வெளிப்படை. மனிதன் வீரனாகலாம், பூசாரியாகலாம், மந்திரவாதியாகலாம், திருடனாகலாம். அவன் விருப்பம். குள்ளனுக்கும் ஹாஃப்லிங்குக்கும் அந்த விருப்பம் இல்லை. ஹாஃப்லிங்காகப் பிறந்தால் உன் ‘கிளாஸ்’ ஹாஃப்லிங். உச்சவரம்பு 8-ஆம் படி. கிளாஸ் என்பதைத் தமிழில் வகுப்பு என்போம். எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்று சான்றிதழில் கேட்கிறார்களே, அதே வகுப்பு. பிறப்புதான் தொழில், தொழில்தான் எல்லை. இதை எழுதியவர்கள் மனுஸ்மிருதியைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே உட்கார்ந்து கீழே இருப்பவர்களுக்குப் பட்டியல் போடும் எவருக்கும் கை தானாகவே அப்படித்தான் போகும் போலிருக்கிறது.

இந்தப் பட்டியல் நமக்குப் புதிதா? ஒரு கூட்டமே பிறவித் திருடர்கள் என்று சட்டம் போட்ட நாடு இது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தார்கள். கள்ளர், குறவர் எனப் பல சமூகத்தார் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக ஆட்களை நிறுத்தி மூக்கையும் உயரத்தையும் அளந்துகொண்டிருந்தார். 1909-இல் அது 7 தொகுதிகளாக வந்தது. உயரம் இவ்வளவு, மூக்கு இவ்வளவு, குணம் இப்படி, தொழில் இது. விளையாட்டுப் பெட்டிக்குள் வைக்கும் விதிப்புத்தகத்துக்கும் அதற்கும் பக்க அமைப்பில்கூடப் பெரிய வேறுபாடு இல்லை.

வெள்ளைக்காரனோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நம் புராணத்திலும் குள்ளர்கள் இரண்டு தரம். வாமனன் குள்ளன்தான், ஆனால் பார்ப்பனக் குள்ளன். மூன்றடி மண் கேட்டு வந்தவன் வானளவு வளர்கிறான், மாவலியின் தலையில் கால் வைக்கிறான். அந்த மாவலியை உழைக்கும் மக்களின் அரசனாகவும், வாமனனை ஏமாற்றிய பார்ப்பனனாகவும் ஜோதிராவ் புலே 1873-இலேயே ‘குலாம்கிரி’யில் எழுதிவிட்டார். அகத்தியரும் குறுமுனிதான், அவருக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. இன்னொரு குள்ளன் நடராசர் காலடியில் கிடக்கிறானே, முயலகன், அவன் வளர்வதே இல்லை. அவன் அறியாமையின் உருவம் என்று விளக்கம் சொல்வார்கள். மிதிபடுகிறவனுக்கு அறியாமை என்று பெயர் வைத்துவிட்டால் மிதிப்பவருக்குச் சங்கடம் இல்லை பாருங்கள். கோயில் கூரைக்குக் கீழே வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் பூதகணங்களும் குட்டைதான்.

நம் காலத்துக்கு வந்தால் 4-ஆம் படி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்தலில் வென்ற தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் 2020-இல் வெளிவந்தது. தலைவர் பதவி வரைக்கும் ஏறலாம். நாற்காலி அதற்கு அடுத்த படி.

இங்கே அம்பேத்கரை நினைத்துக்கொள்கிறோம். சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது, நல்ல சந்ததியை உண்டாக்குகிறது என்று வாதிட்டவர்களுக்கு 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் கொடுத்த பதில் கூர்மையானது. அப்படியானால் இந்துக்கள் ஏன் வளர்ச்சி குன்றிய குள்ளர் கூட்டமாக இருக்கிறார்கள், ஏன் பத்தில் ஒன்பது பேர் ராணுவத்துக்கு லாயக்கற்றவர்களாக இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். குள்ளர் என்ற முத்திரையைக் குத்துகிறவன் நெற்றியிலேயே ஒட்டிய பதில் அது. வகுப்பில் இதைப் படிக்கும்போது நாங்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உயரம் குன்றியோருக்கும் உரிமை தந்திருக்கிறது. சினிமாவும் சர்க்கஸும் அவர்களைச் சிரிப்புக்கு நிறுத்தியது போதும். இன்று அந்த வாதத்தை வேறு சொல்லில்தான் வைப்போம்.

நியாயமாக டோல்கீனுக்கும் ஒரு வார்த்தை. அவர் கதையில் உலகைக் காப்பாற்றுவது அந்தச் சிறுமனிதர்கள்தான். படித்தபோது எங்களுக்கும் பிடித்தது. ஆனால் மோதிரம் அழிந்ததும் கிரீடம் நெட்டை மனிதனுக்குப் போகிறது. எஜமானைத் தோளில் தூக்கி மலையேறிய சாம் தோட்டக்காரன். அவன் பின்னால் தன் ஊருக்கு மேயராகிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டஞ்சன்ஸ் விளையாட்டும் 2024 விதிப்புத்தகத்தில் ‘ரேஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. வரவேற்கிறோம். இங்கே பள்ளிப் பதிவேட்டில் சொல்லை மாற்றுவதற்கே எத்தனை மனு போட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்துக் குள்ளர் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் மல்லசந்திரம் என்ற ஊர். அங்கே பாறைமேல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், பலவற்றில் வட்டமாக ஒரு துளை. இரும்புக்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இப்படிப்பட்டவற்றை ஊர்களில் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். கர்நாடகத்தின் ஹிரேபெங்கலிலும் இதே கதை, அங்கே அந்தக் குள்ளர்களுக்கு மோரியர் என்று பெயர். துளையை வாசல் என்று எடுத்துக்கொண்டதால் வந்த குள்ளர்கள். ஹாபிட் வீட்டுக்கும் வட்ட வாசல்தான்!

கட்டியவர்கள் நம் உயரம்தான். கல் உடைத்தவர்கள், தூக்கியவர்கள், செத்தவர்கள். ஆனால் பெருமை ஐந்து சத்திரியர்களுக்குப் போனது, இல்லாவிட்டால் எப்போதுமே இல்லாத ஒரு குட்டி இனத்துக்கு. தூக்கிய கைகளுக்கு மட்டும் கதையில் இடம் இல்லை.

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனோம். பாதிப் பேரின் அப்பாவுக்குக் கல் வேலை. ஒருத்தி மூடுகல்லைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, இதைத் தூக்க எங்கப்பா மாதிரி 30 பேராவது வேணும் என்றாள். இல்லை, கடப்பாரை வைத்து நெம்பினால் 20 போதும் என்றான் இன்னொருவன். தருமபுரியில் பஸ் மாறும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.