டக்கார் ராலிக்கு நம்ம கம்பெனிகள் ஏன் பணத்தைக் கொட்டுது?

பாஞ்சாலங்குறிச்சி பக்கம் கரிசக்காட்டுப் பாதையில இப்போ உயரமான பைக்குகள் நிறைய கண்ணுல படுது சொந்தங்களே. கேட்டா, "டக்கார்ல ஓடின கம்பெனி வண்டி சார்" என்கிறார்கள் தம்பிகள்.

2015-இல் நம்ம ஓசூர் டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோவோடு கைகோத்து டக்கார் ராலிக்குப் போனது. இந்தியாவிலிருந்து போன முதல் ஃபேக்டரி டீம் அதுதான். 2017-இல் ஹீரோவும் இறங்கியது. ரெண்டு வாரம், ஏறக்குறைய 8,000 கி.மீ., மணலும் பாறையும். பரிசுப் பணத்துக்காக யாரும் இதைச் செய்யுறதில்லை.

"எங்களுக்கு அது ஓடும் ஆய்வுக்கூடம்" என்பது கம்பெனிகள் வழக்கமா சொல்வது. பாதி உண்மை. மணல் ஏறிய ஃபில்டர், குதிச்சு குதிச்சு நொந்த சஸ்பென்ஷன் எல்லாம் இன்ஜினியர்களுக்குப் பாடம்தான். ஆனா அங்கே ஓடுவது 450 சிசி ரேஸ் வண்டி. 2019-இல் ஹீரோ விற்பனைக்கு விட்ட எக்ஸ்பல்ஸ் 200 வேறு வண்டி.

அப்புறம் எதுக்கு? பேருக்கு! பிஎம்டபிள்யூ ஜிஎஸ் 1980-இல் வந்தது, 1981-இல் டக்கார் ஜெயித்தது. அந்தப் பேரை வச்சு இன்னைக்கும் விக்குறாங்க. மைலேஜுக்கு மட்டுமே பேர் வாங்கிய ஹீரோவுக்கும் அப்படியொரு முகம் தேவைப்பட்டது. அப்போ டக்கார் தென் அமெரிக்காவில் நடந்தது. ஹீரோ 2015-லேயே கொலம்பியாவில் ஃபேக்டரி திறந்திருந்தது. கணக்கு புரியுதா?

பலனும் கிடைச்சது. 2024-இல் ஹீரோவின் ராஸ் பிராஞ்ச் ரெண்டாமிடம். அதே வருஷம் டிவிஎஸ் அணியின் கேரளத்துக்காரர் ஹரித் நோவா ராலி-2 பிரிவில் முதலிடம்.

இனி டாக்டரா பேசுறேன். 2020 ஜனவரி 12, ஹீரோ வீரர் பாவ்லோ கொன்சால்வ்ஸ் சவூதி பாலைவனத்தில் விழுந்தார். தகவல் போன 8 நிமிஷத்துல மருத்துவ ஹெலிகாப்டர் வந்தது. இதயம் நின்றிருந்தது. காப்பாத்த முடியலை. 2021-இல் நம்ம சி.எஸ். சந்தோஷ் தலையில் அடிபட்டு, மருந்து கொடுத்துக் கோமாவில் வைக்கப்பட்டு, மீண்டு வந்தார். அந்த வருஷம்தான் பைக் வீரர்களுக்கு ஏர்பேக் உடுப்பு கட்டாயமாச்சு.

நம்ம தம்பிகளுக்கு அந்தப் பாலைவனத்திலிருந்து வந்து சேர்ந்தது ஸ்டிக்கர் மட்டும்தான். காட்டுக்குள்ள விழுந்தா 108-க்கு இடம் சொல்லவே ஆள் தேடணும்.

அதனால, முகம் முழுக்க மூடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்குங்க. பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ரெண்டு விரலுக்கு மேல நுழையக் கூடாது. டேங்க் மேல மாட்டி வைக்கிறது கணக்குல சேராது, தம்பி.