நியாசினும் இரத்தக் கொலஸ்ட்ராலும்

நிகோடினிக் அமிலத்தைக் கிராம் கணக்கில் கொடுத்தால் இரத்தக் கொலஸ்ட்ரால் குறைகிறது என்று கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் ருடால்ஃப் அல்ட்ஷுல், ஆப்ராம் ஹோஃபர், ஸ்டீபன் ஆகியோர் 1955இல் அறிவித்த பிறகு, நியாசின் எனப்படும் இந்த வைட்டமின் பி3 கொழுப்பைக் குறைக்கும் மருந்தாகவே வழக்கத்துக்கு வந்தது. வளர்ந்த ஒருவருக்கு அன்றாடத் தேவை 14 முதல் 16 மில்லிகிராம் மட்டுமே. சிகிச்சைக்குரிய அளவோ 1 முதல் 3 கிராம் வரை. அந்த அளவில் உள்ளே போவது ஊட்டச்சத்து அன்று, மருந்து என்பதை நோயாளிக்குப் புரியவைப்பதே மருத்துவரின் முதல் வேலை. 'வைட்டமின்தானே' என்னும் துணிவோடு வருபவரிடம் அது எளிதாக முடிவதில்லை.

அனுபவமுள்ள மருத்துவர் பாட்டிலையே கொண்டுவரச் சொல்வார். ஏனெனில் நியாசின் என்னும் பெயரில் நிகோடினிக் அமிலம், நிகோடினமைடு என இரு பொருள்கள் விற்கப்படுகின்றன. தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தரும் பெலாக்ரா என்னும் குறைபாட்டு நோயை இரண்டுமே தடுக்கும் என்றாலும், கொலஸ்ட்ராலைக் குறைப்பது அமிலம் மட்டுமே. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது நிகோடினமைடு என்பதால், அவற்றை எத்தனை மாதம் விழுங்கினாலும் இரத்த அறிக்கை அசையாது. அமிலத்தைச் சாப்பிட்டவருக்கோ அரைமணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து எரியும். தோலின் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் இரத்தக்குழாய் விரிக்கும் பொருளைச் சுரப்பதே அதற்குக் காரணம். 'எரிச்சல் இல்லாதது' என்று விற்கப்படும் இனோசிட்டால் நிகோடினேட் மாத்திரையிலிருந்து அமிலம் மிகக் குறைவாகவே விடுபடுகிறது. எரிச்சலோடு பலனும் போய்விடுகிறது. மெதுவாகக் கரையும் வகை இவற்றிலும் கவலைக்குரியது: சாதாரண மாத்திரையிலிருந்து அதே அளவில் அதற்கு மாறுபவருக்குக் கல்லீரல் பாதிப்பு கூடுதலாக ஏற்படுகிறது.

இத்தனை தொல்லைகளையும் மருத்துவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு ஆய்வக அறிக்கையே காரணம். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். ஏறும், கெட்டதான எல்.டி.எல். இறங்கும், டிரைகிளிசரைடும் இறங்கும். மூன்றும் விரும்பிய திசையில் நகர்வதைப் பார்க்கும் மருத்துவருக்கு மனநிறைவு வருவது இயல்பு, ஆபத்தும் அங்கேதான் இருந்தது. மாரடைப்பு ஒருமுறை வந்த ஆண்களிடம் நடந்து 1975இல் வெளியான 'கரோனரி டிரக் ப்ராஜெக்ட்' ஆய்வில், நாள்தோறும் 3 கிராம் நியாசின் எடுத்தவர்களுக்கு உயிர் பறிக்காத மாரடைப்பு குறைந்ததே தவிர, மொத்த இறப்பு அப்போது குறையவில்லை. அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் வருவதற்கு முந்தைய காலம். ஸ்டாட்டினால் எல்.டி.எல். ஏற்கெனவே தணிந்திருந்தவர்களுக்கு நியாசினைக் கூட்டிப் பார்த்த 'எய்ம்-ஹை' ஆய்வு, எச்.டி.எல். உயர்ந்தும் இதயத்துக்குப் பலன் தெரியாததால் 2011இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 25,673 பேரைச் சேர்த்து, நியாசினோடு எரிச்சலைத் தணிக்கும் லாரோபிப்ராண்டையும் தந்த 'எச்.பி.எஸ்.2-த்ரைவ்' ஆய்வின் முடிவு 2014இல் முழுமையாக வெளியானபோது, மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பதோடு, நீரிழிவும் இரத்தக்கசிவும் தொற்றும் கூடியிருந்தன.

 

இன்று நியாசினைத் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டுவரும் ஒருவர் வந்தால், கல்லீரல் நொதிகள், இரத்தச் சர்க்கரை, யூரிக் அமிலம் ஆகியவற்றை மருத்துவர் முதலில் பார்க்கிறார். வந்தவர் ஸ்டாட்டினும் எடுப்பவராக இருந்தால், கொழுப்பு அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், பெரும்பாலும் நியாசினை நிறுத்தச் சொல்கிறார்.