சாயாத கோபுரம்

(இரண்டாம் ஆண்டு, முதுகலை வரலாறு)

கோபுரத்தை அண்ணாந்து நின்று படமெடுத்தவர் அனைவரும் ஒரு குறையைக் கண்டிருப்பர். நிமிர்ந்து நிற்கும் கோபுரம் படத்தில் பின்புறம் சாய்ந்தாற்போல் தோன்றும். இயல்பிலேயே மேலே குறுகிச் செல்லும் அதனைப் படம் இன்னும் குறுக்கிவிடும். சிற்பி வகுத்த அளவு ஒன்று. படம் காட்டும் அளவு வேறொன்று. வரலாறு பயிலும் மாணவனுக்கு இது சிறு குறையன்று.

எங்கள் ஊர்க் கோயிலில் விரைவில் திருப்பணி தொடங்க இருக்கிறது. சாரம் கட்டிவிட்டால், பழைய சுதை உருவங்களை இன்றுள்ள நிலையில் மீண்டும் காண இயலாது. அதற்கு முன் அளவு பிறழாமல் அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற ஆசையே என்னைக் காமிரா தேட வைத்தது. கையிலிருந்ததோ ஈராண்டு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் மட்டுமே.

"செல்பேசியில் எடுத்துக் கணினியில் நிமிர்த்திக்கொண்டால் ஆகாதா?" என்றார் அண்ணன். ஆகும். ஆனால் நிமிர்த்தும்போது படத்தின் மேற்பகுதியை இழுத்து விரிக்க வேண்டும். இழுத்த இடத்தில் நுணுக்கம் குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். எனக்கோ உச்சியில்தான் நுணுக்கம் வேண்டும்.

குறையின் காரணம் எளியது. காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் உள்ளிருக்கும் பிலிமும் சாய்கிறது. பிலிம் கோபுரத்துக்கு நேராக நின்றால் கோடுகளும் நேராக விழும். எனவே காமிராவைச் சாய்க்காமல் லென்சை மட்டும் மேலே உயர்த்த வேண்டும். 135 மில்லிமீட்டர் லென்சுடன் 200 அடி தள்ளி நின்று, லென்சை 16 மில்லிமீட்டர் உயர்த்தினால், பார்வை ஏறக்குறைய 24 அடி மேலேறுகிறது!

120 பிலிம் சுருளில் 6×9 சென்டிமீட்டர் அளவில் 8 படங்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 35 மில்லிமீட்டர் படத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. இதற்கான காமிராக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன்.

1966-இல் வந்த ரோலை எஸ்.எல்.66 அழகியது. அதன் லென்ஸ் 8 டிகிரி சாயும், ஆனால் உயராது. சாய்வு கூர்மை விழும் தளத்தை மாற்றுமேயன்றிக் கோபுரத்தை நிமிர்த்தாது. 1989-இல் வந்த பியூஜி ஜி.எக்ஸ்.680-இல் லென்ஸ் உயரும், நகரும், சாயும், திரும்பும். ஆயினும் லென்சுடன் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட சுமை, மின்கலமின்றி இயங்காது. 1949 முதல் 1970 வரை விற்ற கிராப்ளக்சின் செஞ்சுரி கிராபிக் எளியது, இலேசானது. லென்சும் உயரும். ஆனால் நெட்டுவாக்கில் படமெடுக்கக் காமிராவையே பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். அப்போது உயரும் அசைவு பக்க அசைவாகிவிடும். கோபுரத்துக்கு வேண்டியது நெட்டுவாக்குப் படமன்றோ?

இறுதியில் நான் தேர்ந்தது, 4×5 அங்குல பிலிமுக்கென்று செய்த பழைய ஒற்றைத் தண்டு காமிரா. அதன் பின்புறத்தை நெட்டுவாக்கில் திருப்பலாம். 120 சுருளுக்கான பெட்டியை அதில் பொருத்தலாம். லென்சும் 4×5 அங்குலத்துக்கு உரியது. 6×9 படத்தின் மூலைவிட்டம் சுமார் 100 மில்லிமீட்டர். இந்த லென்சின் ஒளிவட்டமோ 150-க்கும் மேல். அந்த மிகுதியே லென்ஸ் உயர்வதற்கான இடம். வட்டம் சிறிதானால், எவ்வளவு உயர்த்தினாலும் படத்தின் மூலைகள் இருண்டே போகும்.

வாங்குமுன், இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் விளக்கை வைத்து ஊசித்துளை உண்டா என்று பார்த்தேன். ஷட்டரின் மெதுவான வேகங்களைக் காதால் கேட்டுச் சோதித்தேன். காமிரா பருமனானதுதான், ஆயினும் முக்காலியோடு பேருந்தில் எடுத்துச் செல்ல முடிகிறது.

நண்பர்களே, காமிராவின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். முதலில் பணிக்கு எந்த அசைவு தேவை என்று கேளுங்கள். பின்பு லென்சைத் தேருங்கள். காமிரா கடைசியில் வரட்டும். பணம் குறைந்த மாணவனுக்கு இந்த வரிசையே துணை. சாரம் ஏறுமுன் கோபுரத்தின் நான்கு முகங்களையும் எடுத்து, படிகளை நம் துறை நூலகத்தில் சேர்ப்பேன். நாளை வரும் மாணவர் அவற்றின்மீது அளவுகோல் வைத்துப் பார்க்கட்டும்.